முதல் ஈயை அது பிடிக்காது

அவர் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருக்கும். சொல்லும் விதத்தில் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் யாரும் குறை கண்டதில்லை. இல்லாத ஒரு பொருளை உண்டென்று சொல்லும்போது, அந்தப் பொருளுக்கு ஒரு குறையையும் சேர்த்தே அவர் உண்டாக்கிவிடுவார்.

பூனைக் கதையைச் சொல்கிறேன். தன்னிடம் ஒரு பூனை இருக்கிறது, தினமும் காலை ஐந்து மணிக்குத் தவறாமல் எழுப்பிவிடும் என்று ஒருவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லமாட்டார். எழுப்புவது சரிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை எதுவென்று அதற்குத் தெரியவில்லை, அன்றைக்கும் வந்து காலைப் பிறாண்டுகிறது என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பைக் கேட்டதும் நமக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடும். இரங்கிய பிறகு பூனை உண்டா இல்லையா என்று கேட்பது மரியாதையாக இராது. அவரிடம் பூனை இல்லை. மீன் காயப்போடும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் ஒரு பெண் எதற்குப் பூனை வளர்க்கிறார்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்ற இரண்டு வருடம் பிடித்தது.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசித்தவன். அந்த வேலையில் ஒருவன் எதைக் கற்காவிட்டாலும் உண்மையையும் பொய்யையும் வேறுபிரிக்கக் கற்றுவிடுவான். உண்மை பேசுபவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார்கள், திகதிகளை மறப்பார்கள், கோபப்படுவார்கள். பொய் பேசுபவர்கள் ஒழுங்காக இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். இந்த இரண்டிலும் சேராதவர் அவர் ஒருவர்தான்.

ஆள் குள்ளம். பாவாடை சட்டைக்கு மேல் ஓர் ஆணின் நீளக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துவாய் கட்டியிருப்பார். உப்பு அறுத்த விரல்கள். எங்கள் தீவின் வடகரையில், காற்றாலைகள் தெரியும் தூரத்தில், அரச காணியில் ஒரு துண்டு நிலத்தில் அவருடைய வாடி இருந்தது. பரண்களில் மீனைப் பிளந்து காயப்போடுவார்கள். அவரோடு மூன்று பெண்கள் வேலை செய்தார்கள், மூத்தவர் பிலோமினா. நான்கு பேருக்கும் ஆண் துணை என்று சொல்ல எவரும் இல்லை. நான்கு வீட்டு அடுப்பும் அந்தத் துண்டு நிலத்தை நம்பித்தான் எரிந்தது. அந்த நிலத்துக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கும் கதிரையில் நான் இருந்தேன்.

முதல் தடவை வந்தபோது பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொண்டுவரவில்லை. சண்டையில் எரிந்துவிட்டது என்றார். அந்தப் பதிலை நான் ஒரு நாளைக்கு ஆறு பேரிடம் கேட்பவன். பேனையை மூடிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் சலிப்போடு சொன்னார்:

"எல்லாம் எரிஞ்சு போச்சு ஐயா. கலியாணச் சேட்டிபிக்கற் ஒண்டுதான் மிஞ்சினது. எது எரியவேணுமோ அது எரியேல்லை."

நான் பேனையைத் திறந்து, பத்திரத்துக்குப் பதிலாகச் சத்தியக்கடதாசி ஏற்கப்படலாம் என்று எழுதினேன்.

இப்படிச் சில வருடங்கள் போயின. பிறகுதான் ஈப் பிரச்சினை வந்தது.

வாடிக்குப் பக்கத்துக் காணியை, நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவர் வாங்கி விருந்தினர் விடுதி கட்டினார். பிறந்தது இந்தக் கரையில்தான். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் அங்கே வந்து தங்கினார்கள். அதே சோளகம்தான் கருவாட்டுக்கும் நல்ல காற்று. விடுதிக்காரர் எங்களுக்கு முறைப்பாடு அனுப்பினார். ஏழு புகைப்படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பப்பாசிப்பழத் துண்டின்மேல் ஓர் ஈ. பெரிதாக்கியிருந்தார், கால்களை எண்ணலாம்.

முறைப்பாடு வந்தால் அதைப் பதியவேண்டும், இலக்கமிடவேண்டும், சுகாதாரப் பரிசோதகருக்குப் பிரதி அனுப்பவேண்டும். அவர் நேரில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவார். ஈ பெருகுகிறது என்று அவர் எழுதினால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது. அதற்கு மேல்முறையீடும் உண்டு. அது முடிவதற்குள் இரண்டு சோளகம் போய்விடும். கருவாடு வாங்குபவர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள். இதை நான் அவரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பரிசோதகர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். உயிலங்குளம் என்றேன். கத்தோலிக்க வேதக்காரரோ என்றார். ஓம் என்றேன். நல்லது என்று எழும்பிப் போனார்.

பரிசோதகர் இளைஞர், நேர்மையானவர், படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதவர். ஒரு வெள்ளிக்கிழமை போனார். பிரதான வீதியிலிருந்து வாடிக்கு அரை மைல் மணல்; மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். வியர்க்க வியர்க்கப் போய்ச் சேர்ந்தவருக்கு ஆச்சரியம். பரண் நிறைய மீன், ஆனால் ஈ ஒன்றிரண்டுதான். முறைப்பாடு பொய் என்று எழுதலாமென்றால் ஏழு படங்கள் இருந்தன. படிவத்தில் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று ஒரு கட்டம் வேறு இருந்தது. என்ன செய்து ஈயைக் குறைத்தீர்கள் என்று கேட்டார்.

அவர் சொன்னார்: "ஒரு செடி நிக்குது மகன். ஈ தின்னும். ஆனால் பெரிய ஈ தின்னாது, அதுதான் கவலை."

பிறகு அந்தச் செடி சாப்பிடும் விதத்தை அவர் விவரித்தார். பரிசோதகர் அதை முழுமையாக எழுதி வந்தார். நானும் பின்னர் வாடிக்காரரின் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையும் ஒரு சொல் மாறவில்லை.

செடி கடலோடு வந்தது. கரையொதுங்கிய ஒரு தகரப் பேணிக்குள் மண்ணும் கிழங்குமாக இருந்ததாம். இலை கழுதைக் காதுபோல நீண்டு தடித்திருக்கும். வெயில் ஏறினால் இலையின் உட்பக்கம் வியர்க்கும். அந்த வியர்வையில் பாதி காய்ந்த மீனின் மணம் வரும். மணத்துக்கு முதலில் ஓர் ஈ வந்து உட்காரும். செடி அசையாது. ஈ வயிறு முட்டக் குடித்துவிட்டு எழும்பிப் போகும். செடி அதை விட்டுவிடும். முதல் ஈயை அது ஒருநாளும் பிடிக்காது. அது போய்த் தன் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வரும் என்று செடிக்குத் தெரியும். கூட்டம் வந்து இறங்கிய பிறகுதான் இலை மடியும். அதிலும் அவசரம் கிடையாது. தோய்த்துக் காய்ந்த துவாயை மடிப்பதுபோல ஆறுதலாக மடிக்கும். பின்னேரம் மறுபடி விரியும். உள்ளே சிறகுகள் மட்டும் கிடக்கும். சிறகு அதற்குச் செமிக்காது. காற்று வந்தால் சிறகுகள் பறந்துவிடும், காற்றில்லாத நாளில் ஆள்தான் ஊதிவிடவேண்டும்.

"எனக்கு அந்த ஊதுற வேலைதான் பெரிய கரைச்சல் மகன். இந்த வயசில மூச்சு வாங்குது."

பரிசோதகருக்கு அந்த இடத்தில் நம்பிக்கை வந்துவிட்டதாம். ஒருத்தி பொய் சொல்வதென்றால் எதற்காகத் தானே மூச்சு வாங்க ஊதவேண்டும்?

செடியைக் காட்டச் சொன்னார். மூலையில் பழைய வலையாலும் பனையோலையாலும் ஒரு சின்ன வேலி. உள்ளே சட்டியில் ஏதோ ஒன்று, இலைகள் எல்லாம் நூலால் கட்டியதுபோல மூடிக்கிடந்தன. ஏன் மூடிக்கிடக்கிறது என்று கேட்டார். அவர் பரிசோதகரின் முகத்தைச் சற்று வருத்தத்தோடு பார்த்து, "இண்டைக்கு வெள்ளியெல்லோ மகன்" என்றார்.

பரிசோதகர், "ஓம் எல்லோ" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை வேதக்காரர் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் ஏறாது. பரிசோதகருடைய தாயார் வெள்ளிக்கிழமைச் சட்டியையே வேறாக வைத்திருப்பவர். பிறந்த நாள் தொட்டு வெள்ளிக்கிழமை என்றால் இல்லை என்று பழகிய ஒருவருக்கு, அந்த இல்லை ஒரு செடிக்குப் பொருந்துமா என்று தனியாக யோசிக்கத் தோன்றவில்லை. தீவை விட்டுப் பாலத்தில் ஏறிய பிறகுதான் யோசனை வந்ததாம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காற்றில் சற்று நேரம் நின்றிருக்கிறார். ஆனால் அறிக்கையில் ஒப்பம் வைத்தாகிவிட்டது. வெட்டித் திருத்துவதென்றால் ஏன் திருத்தினேன் என்று ஓரத்தில் எழுதவேண்டும். என்னவென்று எழுதுவது?

அறிக்கை என் மேசைக்கு வந்தது. எங்கள் எழுதுவினைஞர் நிஸார் அதை எனக்கு உரத்து வாசித்தார். எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஆள், எதையும் முகம் மாறாமல் வாசிப்பார். 'பரிசோதனை தினம் வெள்ளிக்கிழமையாகையால் செடி உணவு உட்கொள்ளவில்லை' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"சேர், இது வேதக்காரச் செடிபோலை. எங்கட பக்கம் நட்டிருந்தா வெள்ளிக்கிழமைதான் நல்லாத் திண்டிருக்கும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பவேண்டும். செடி உபவாசம் இருந்தது என்ற காரணத்துக்காக ஓர் அறிக்கையைத் திருப்பி அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை. மறுபரிசோதனை ஒன்றுக்கு மட்டும் இடமிருந்தது. நானும் கூடப் போவதென்று தீர்மானித்து, வரும் செவ்வாய் என்று குறித்தேன். குறித்த கையோடு செவ்வாய் அந்தோனியாருடைய நாள் என்பது நினைவுக்கு வந்தது. கடலுக்குப் போகிற குடும்பங்கள் பல அன்றைக்கும் மச்சம் தொடாதவை. என் வீடும் அப்படித்தான். செவ்வாயை வெட்டிப் புதன் என்று திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. செடியின் பக்தியை நானாகவே ஒரு நாள் கூட்டிவைத்தேன். கடிதம் போன பிறகுதான் செய்தது புரிந்தது. நிஸார் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பரிசோதகரும் நானும் போனோம். இம்முறை இலைகள் விரிந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது கள்ளி இனத்தில் ஒன்றுபோலத் தெரிந்தது. இலையின் உட்பக்கம் பளபளத்தது. இரண்டு மூன்று ஈக்கள் ஒட்டிச் செத்திருந்தன. குனிந்து மணந்து பார்த்தேன்.

"பனங்கட்டி மணக்குது" என்றேன்.

அவர் தலையைத் தாழ்த்தினார். "ஓம் ஐயா. கொஞ்சம் இனிப்புத் தடவினாத்தான் வாய் திறக்கும். நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டன்."

அப்போது ஓர் ஈ வந்து இலையில் உட்கார்ந்தது. நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஈ நடந்தது, குடித்தது, முன்காலைத் தேய்த்தது, பறந்து போனது.

"பாத்தீங்களோ" என்றார் அவர் மெல்ல. "விட்டிட்டுது."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பரிசோதகர் என் கையைப் பிடித்தே விட்டார். கூட்டம் வருமென்று காத்திருந்தோம். சற்று நேரத்தில் வாடிக்காரர் எங்களை அவசரப்படுத்தத் தொடங்கினார். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அது தின்னாது, வெட்கம் பிடித்த சாதி, நீங்கள் போனால்தான் வாயை வைக்கும் என்றார். வெயிலும் ஏறியிருந்தது. திரும்பினோம். அறிக்கையில், 'செடியின்மீது அமர்ந்த முதலாவது ஈயைச் செடி பிடிக்காமல் விட்டதை நேரில் அவதானித்தோம்' என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். அந்த வசனத்தில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. என் சேவைக்காலத்தில் எந்தக் கோப்பிலும் நான் ஒரு பொய் எழுதியதில்லை.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. ஏற்கனவே ஆறு நிபந்தனைகள் இருந்தன. ஏழாவதை நான் சேர்த்தேன்: மேற்படி செடி தொடர்ந்து நல்ல நிலையில் பராமரிக்கப்படவேண்டும். சேர்த்தே ஆகவேண்டும். ஈ குறைந்ததற்குச் செடி காரணம் என்றால், செடி இல்லாவிட்டால் ஈ கூடும். கோப்பு அப்படித்தான் யோசிக்கும்.

விடுதிக்காரரும் சமாதானமானார். ஈ உண்மையிலேயே குறைந்துவிட்டது. அவர் செடியைப் பார்க்க வந்தார், பிறகு விருந்தினரைக் கூட்டிவந்தார், பிறகு வேலியோரத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்றும் நட்டார். செடியைத் தனக்குத் தரும்படி கேட்டும் பார்த்தார். உங்களிடத்து ஈ சுத்தமான ஈ, அதைத் தின்று இது மெலிந்துவிடும் என்று வாடிக்காரர் மறுத்துவிட்டார். விடுதிக்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது வீதியால் வராமல் கடற்கரையோரமாக நடந்து வந்தேன். மணல் வழியால் வருபவனைத்தான் அவர் அரை மைலுக்கு முன்பே காண்பார். கடல் பக்கமிருந்து ஒருவன் வருவானென்று எதிர்பார்க்கவில்லை.

பரண்கள் எல்லாவற்றின் மேலும் நுளம்பு வலை விரித்திருந்தது. நீல நிறம். மூலையில் முத்திரை. மலேரியாவைத் தடுக்கும் ஒரு சுகாதாரத் திட்டத்தில் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்த வலைகள் அவை. கட்டிலுக்கு மேல் தவிர வேறெங்கும் பாவித்தால் வலையையும் பறித்து, அடுத்த உதவிப் பட்டியலில் பெயரையும் வெட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியல்களில் சிலவற்றை நானே தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பரிசோதகரின் கட்டத்தில் ஏன் ஒரு செடி முளைக்க நேர்ந்தது என்பது அப்போது விளங்கியது. அந்தப் புதன்கிழமை அவர் எங்களை ஏன் அவசரப்படுத்தினார் என்பதும் விளங்கியது. எங்களைக் கண்டு வலைகளைச் சுருட்டி ஒளித்த பிறகு, மீனுக்கு ஈக்கள் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கும்.

அவர் ஒரு மீனைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கண்டிட்டீங்கள்" என்றார்.

"நான் இண்டைக்கு லீவில நிக்கிறன்" என்றேன்.

லீவில் நிற்கும் உத்தியோகத்தர் ஒன்றைக் கண்டால் அது கந்தோர் கண்டதாகாது. இதற்கு எழுத்தில் விதி இல்லை; ஆனால் இதற்கு எதிராகவும் விதி இல்லை. அவர் தேத்தண்ணீர் வைத்தார். கடையில் கிடைக்கும் வலையின் கண் பெரிது, ஈ புகுந்துவிடும் என்றார். அப்படியானால் நீங்கள் நான்கு பேரும் எதற்குள் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். பிலோமினா பின்னாலிருந்து பதில் சொன்னார்:

"நாங்கள் நுளம்புக்குச் சாப்பாடு ஐயா. மீன் வலைக்குள்ள நிம்மதியாப் படுக்குது."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்களுடைய கைகளில் முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக இருந்தது.

புறப்படும்போது ஒரு பார்சல் தந்தார். நான் கையை எடுத்துவிட்டேன். அனுமதிப்பத்திரம் கொடுப்பவன் அனுமதிப்பத்திரக்காரரிடம் எதையும் வாங்கக்கூடாது. இதற்கு எழுத்தில் விதி இருக்கிறது. அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "இது உப்புக் கூடிப்போச்சு ஐயா. விக்கேலாது. நாய்க்குப் போடத்தான் வைச்சனான்" என்றார். நாய்க்குப் போடவிருந்ததை வாங்கக்கூடாது என்று விதியில் இல்லை. வீட்டில் பொரித்துப் பார்த்தேன். கட்டா மீன் கருவாடு. உப்பு மிகச் சரியான அளவு.

அதற்குப் பின் நான் ஓய்வு பெற்றேன். மூன்றாம் வருடம் அவர் இறந்துபோனார். பிலோமினா எனக்குச் சொன்னது இது: ஒரு நாள் மத்தியானம் மீனைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சு நோகிறது என்றாராம். அதோடு நிறுத்திவிட்டாராம். 'ஆனால்' என்று ஒன்றும் வரவில்லை. "அப்பவே எனக்கு விளங்கீட்டுது ஐயா, இது உண்மையெண்டு" என்றார் பிலோமினா.

அடக்கத்துக்கு உடுப்புத் தேடியபோது அந்தோனியார் படத்துக்குப் பின்னால் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்தது. எரியவில்லை, மடிப்புக்கூடக் குலையவில்லை. என் கோப்பில் இருந்த வயதைவிட ஆறு வயது கூட. அந்த ஆறு வருடத்துக்கும் ஒப்பமிட்டவன் நான்.

எல்லோரும் அடக்கத்துக்குப் போன அன்று வாடியின் படலை திறந்து கிடந்தது. இந்தத் தீவில் வீதிக்கு வீதி அலையும் கழுதைகளில் ஒன்று உள்ளே வந்து, வேலியைச் சரித்து, மாமிசம் உண்ணும் அந்தச் செடியை அடிவரை தின்றுவிட்டது. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் விசாரித்தேன்.

சில வாரங்களில் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிலோமினா அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்குக் கேட்டிருந்தார். அங்கே வேலை செய்து வந்தவருக்குக் கொடுக்கலாம், நிபந்தனைகள் ஒன்றும் மீறப்படாதிருந்தால். விடுதிக்காரர் அந்தத் துண்டைத் தன் விருந்தினருக்குக் கதிரை போடுவதற்குக் கேட்டிருந்தார். ஏழாவது நிபந்தனை மீறப்பட்டுள்ளது, செடி இப்போது இல்லை என்றும் எழுதியிருந்தார். முன்பு அம்புக்குறி நட்டவர், செடியின் நலனில் அவரைவிட அக்கறை யாருக்கு? நிபந்தனையை எழுதியவன் என்ற முறையில் நான் வந்து விளக்கமளிக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

என் கதிரையில் இப்போது ஒரு பெண் இருந்தார். வெள்ளாங்குளத்துப் பக்கம். நெற்றியில் திருநீறு, கையில் நாட்குறிப்பு, சுறுசுறுப்பானவர். ஒரு வியாழக்கிழமை காலை எல்லோரும் வாடியில் கூடினோம். அங்கே சட்டி இருந்தது. சட்டியில் மண்ணும், கழுதை விட்டுப்போன ஒரு விரல் நீளக் கட்டையும் இருந்தன. பிலோமினா பரணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் அவருக்குப் பின்னால். பரண்களில் மீன் இருந்தது, ஈ அதிகம் இல்லை. வலைகள் எங்கே இருந்தன என்று நான் தேடவில்லை.

"ஐயா, செடி எங்கை?" என்றார் உத்தியோகத்தர்.

"கழுதை திண்டிட்டுது மேடம். ஊர் முழுக்கத் தெரியும்" என்றார் விடுதிக்காரர்.

நான் ஓய்வு பெற்றவன். நான் சொல்வது கோப்பில் ஏறும். என்ன சொல்லவேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்து, நடந்ததை நடந்தபடி சொல்வது, விதிப்படி மனிதாபிமான அடிப்படையில் சலுகை கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்தச் சலுகைக்கு ஒரு படிவம் உண்டு. அது இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. பிலோமினாவின் கையைப் பார்த்தேன். தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"திண்டது இலையை" என்றேன். "கிழங்கு உள்ளுக்கை கிடக்கு. திரும்ப முளை வெடிக்கும்."

உத்தியோகத்தர் பேனையை எடுக்கவில்லை. நான் முன்பு எத்தனையோ பேரைப் பார்த்த அதே பார்வை. அப்போதுதான் என் விடையில் என்ன குறைகிறதென்று தெரிந்தது.

"ஆனால் உள்ளதைச் சொல்லவேணும், முந்தினமாதிரி இல்லை" என்றேன். "வாற இலை சின்னன். அந்த மனுசி ஊதிவிட்டுப் பழக்கினது. இப்ப ஊத ஆளில்லாமல் சிறகெல்லாம் உள்ளுக்கை அடைஞ்சு, செமிபாடு சரியில்லை."

"பாவம்" என்றார் உத்தியோகத்தர்.

பேனை வெளியே வந்தது. செடி பலவீனமான நிலையில் உள்ளது, தேறுவதற்கு இந்தச் சோளகம் முடியும்வரை அவகாசம் வழங்கலாம், அதுவரை வாடி வழமைபோல் இயங்கலாம் என்று எழுதினார். பிலோமினா பரணை விட்டார். விடுதிக்காரர் விடவில்லை. அப்படியென்றால் அது தின்பதைக் காட்டட்டும், அதிகாரி நேரில் பார்க்கட்டும் என்றார். நியாயமான கோரிக்கை. உத்தியோகத்தர் நாட்குறிப்பைப் புரட்டினார்.

"நாளைக்கு எனக்கு நேரமிருக்கு" என்று தொடங்கியவர், திகதியைப் பார்த்து நிறுத்தினார். "நாளைக்கு வெள்ளியெல்லோ. தின்னாதே?"

பிலோமினா சட்டென்று திரும்பி உப்புச் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே கட்டியிருந்தது. விடுதிக்காரர் வாயைத் திறந்தார். பிறகு, இத்தனை வருட வெளிநாட்டுக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தன் விடுதியில் மீன் பொரிக்க விடாதவர், வாயை மூடினார்.

"அடுத்த கிழமை பாப்பம்" என்று சொல்லி உத்தியோகத்தர் வாகனத்தில் ஏறினார். சில்லு மணலில் புதைந்து, சிணுங்கி, எழும்பி வீதியை நோக்கிப் போனது.

"போயிட்டா" என்றார் பிலோமினா.

"முதல் ஆளெல்லோ" என்றேன். "விடத்தானே வேணும். அடுத்தமுறை தனிய வரமாட்டா. அதுக்குள்ள ஒரு கள்ளி பாத்து நட்டு வையுங்கோ பிள்ளை. பனங்கட்டி நான் கொண்டு வாறன்."